மூன்று ராத்திரி, ஒரு நட்சத்திரக்குறி

நேற்று ராத்திரி 11.30 மணிக்குப் பட்டியல் பக்கம் ஒருவழியாக வந்தது. ஸ்டைலோடு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

வீட்டிலிருந்து யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார்கள் என்று குறித்து வைக்கும் ஆப் இது, ஜாவாவில் எழுதுகிறேன். இத்தனை நாளாக எல்லாமே ஒரே ஜேஎஸ்பிதான், அதாவது ஜாவா கோடும் எச்டிஎம்எல்லும் கலந்து எழுதும் ஒரு பக்கம். டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல்லும் திரையில் கட்டம் போடும் டேபிள் டேக்கும் அதில் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. அதைத்தான் மாடல் (தகவல்), வியூ (திரையில் தெரிவது), கன்ட்ரோலர் (வேண்டுகோளை வாங்கி இரண்டையும் இணைப்பது) என்று மூன்றாகப் பிரிக்கிறேன். மாடலைப் பிரித்தது ஒரே சாயங்கால வேலை: புத்தகத்துக்கு ஒரு கிளாஸ், இரவலுக்கு ஒன்று, டேட்டாபேஸைத் தொட ஒரு டிஏஓ. வியூவில் ஸ்கிரிப்ட்லெட்டை (பக்கத்துக்குள் எழுதிய ஜாவா கோடு) தூக்கிவிட்டு ஜேஎஸ்டிஎல் (அதற்குப் பதிலான ஆயத்த டேக்குகள்) போட்டேன். ஆப்பை ஓட்டும் சர்வரான டாம்கேட்டின் 10ஆம் பதிப்பில், ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டதை மறந்து பழைய ஜாரை (லைப்ரரி ஃபைல்) போட்டு ஒரு மணி நேரம் வீணாக்கினேன். ஜேஎஸ்டிஎல்லை டாம்கேட்டே கூடக் கொடுத்தால் என்னவாம்?

உயிரை வாங்கியது கன்ட்ரோலர்தான். எல்லா வேண்டுகோளும் ஒரே சர்வ்லெட் (வேண்டுகோளுக்குப் பதில் சொல்லும் ஜாவா கிளாஸ்) வழியாகப் போகட்டும் என்று அதன் முகவரியை /* என்று, அதாவது எந்த முகவரி வந்தாலும் அதற்கே என்று, மேப் செய்தேன். பக்கத்தைத் திறந்தால் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர், கோடு நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே போனால் வரும் பிழை. என் கோடில்தான் ஏதோ தன்னைத்தானே கூப்பிடுகிறது என்று முதல் ராத்திரி முழுக்க டிஏஓவைக் குடைந்தேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்டு செய்யும்போதும் (சர்வருக்குள்ளேயே வேலையைக் கைமாற்றும்போதும்) டாம்கேட் அந்தப் பாதையை மேப்பிங்கோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஜேஎஸ்பி என்று முடியும் முகவரிகளுக்கு அது வைத்திருக்கும் சர்வ்லெட்டைவிட /* முந்திக்கொள்ளும். ஆக, ஃபார்வர்டு என் கன்ட்ரோலருக்கே திரும்பி வருகிறது, அது மறுபடி ஃபார்வர்டு செய்கிறது, ஸ்டாக் நிரம்பும் வரை இதே கூத்து.

சரி, நட்சத்திரத்தை எடுத்துவிட்டு வெறும் / போட்டேன். உடனே நல்பாயின்டர், இல்லாத மதிப்பைத் தொட்டால் வரும் பிழை. /* இருந்தபோது பாதை, வேண்டுகோளின் பாத்இன்ஃபோ என்ற பகுதியில் வந்தது. இப்போது அது நல் (காலி), பாதை முழுவதும் சர்வ்லெட்பாத் என்ற இன்னொரு பகுதியில் இருக்கிறது. எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்க நான் ஸ்விட்ச் போட்டிருந்தது பாத்இன்ஃபோவின் மேல். அதை மாற்றியதும் பக்கம் வந்தது, ஆனால் ஸ்டைல் இல்லாமல் மொட்டையாக. / என்பது டாம்கேட்டின் டீஃபால்ட் சர்வ்லெட் உட்காரும் இடம். ஸ்டைல்ஷீட்டையும் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல்) படங்களையும் எடுத்துக் கொடுப்பது அதுதான். அந்த நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். தெரியாத முகவரி வந்தால் பட்டியலைக் காட்டு என்று வேறு எழுதியிருந்தேனா, ஸ்டைல்ஷீட் கேட்ட பிரவுசருக்குப் புத்தகப் பட்டியல் போயிருக்கிறது.

மூன்றாம் ராத்திரி கௌரவம் பார்க்காமல் /ஆப்/* என்று, அதாவது /ஆப்/ என்று தொடங்கும் முகவரிகள் மட்டும் எனக்கு என்று, வைத்துவிட்டேன். ஸ்டைல்ஷீட் முகவரிக்கு முன்னால் கான்டெக்ஸ்ட் பாத்தை (சர்வரில் என் ஆப்பின் முகவரி) சேர்த்ததும் எல்லாம் அடங்கியது. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் இதே வேலையைச் செய்யும் டிஸ்பேச்சர் சர்வ்லெட்டை ஏன் /* என்று வைக்கக்கூடாது என்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அப்புறம், இதை எங்கே ஓடவிடுவது? நான் விசாரித்த மலிவான ஹோஸ்டிங் ஒன்றில் பிஎச்பி மட்டும்தானாம், ஜாவா ஓடாது. அலமாரியில் தூங்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை எழுப்பலாமா என்று யோசிக்கிறேன். பழைய சார்ஜர் தாங்குமா தெரியவில்லை, புதிது ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் பிரிக்கும் வேலையே இன்னும் முடியவில்லை. இரவல் வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு இன்னும் கன்ட்ரோலரிலேயே கிடக்கிறது, அது மாடலுக்குப் போக வேண்டும். இரவலைச் சேர்த்த பிறகு ரீடைரக்ட் செய்யாமல் (பிரவுசரைப் புதிதாக வேறு முகவரிக்குப் போகச் சொல்லாமல்) ஃபார்வர்டு செய்வதால், ரிஃப்ரெஷ் தட்டி சரி என்றால் அதே இரவல் இன்னொரு முறை ஏறுகிறது. மைத்துனர் ஒரே புத்தகத்தை மூன்று முறை வாங்கியதாகக் காட்டுகிறது. ஒரு முறை வாங்கியதற்கே 412 நாளாகிறது.