திருவாதிரை மங்குகிறதா? குமரி மொட்டைமாடியிலிருந்து அளக்கும் முறை

2019 அக்டோபரில் மங்கத் தொடங்கிய திருவாதிரை (ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ்), 2020 பிப்ரவரி நடுவில் ஒளியளவு (magnitude) 1.6 வரை இறங்கியது. வழக்கமாக 0.5 அருகில் இருக்கும் நட்சத்திரம் அது. எண் ஏற ஏற ஒளி குறைவு என்பதால், பழைய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்தான் மிஞ்சியது. இதை அளக்க வெறுங்கண் போதும். ஆனால் மங்கியது நட்சத்திரமா, நம் ஊர்க் காற்றா என்று பிரித்தறிவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நாகர்கோவில் பக்கம் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஊர் சுமார் 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. திருவாதிரை வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) 7.4 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய நேர் தலைக்கு மேலேயே நிற்கும். பிப்ரவரி 10 வாக்கில் இரவு 9 மணிக்கு இது நடக்கும். அப்போது மேற்கே ரோகிணியும் கிழக்கே புரோசியான் என்ற நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 60 டிகிரிக்கு மேல் இருக்கும். ஒப்பிட இதைவிட நல்ல நேரம் அமையாது.

தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையில் 15 நிமிடம் இருட்டில் இருந்துவிட்டுத் தொடங்கலாம். புரோசியான் 0.4, ரோகிணி 0.9. இந்த இடைவெளியை மனத்துக்குள் ஐந்து பங்காக்கி, திருவாதிரை எந்தப் பங்கில் விழுகிறது என்று பாருங்கள். புரோசியானிலிருந்து மூன்றாம் பங்கு என்றால் 0.7. ரோகிணியைவிட மங்கலாகத் தெரிந்தால் புனர்பூசத்தின் போலக்ஸ் (1.1), திருவாதிரை இருக்கும் ஓரியன் கூட்டத்தின் பெல்லாட்ரிக்ஸ் (1.6) இரண்டுக்கும் இடையே வைத்துப் பார்க்க வேண்டும். ரோகிணியும் லேசாக மாறும் நட்சத்திரம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

பிழை அதிகம் வருவது கண்ணால்தான். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க, அது உண்மையைவிடப் பிரகாசமாகத் தோன்றும். ஓரிரு நொடி பார்த்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும். இரண்டு பேர் பார்த்தால் எண்ணைச் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதுவது நல்லது. முதலில் சொன்னவர் எண் மற்றவரையும் இழுத்துவிடும்.

அடுத்தது கடல்மூட்டம். குளச்சல், முட்டம் பக்கம் உப்பும் ஈரமும் கலந்த காற்று அடிவானத்தை மறைத்திருக்கும். நட்சத்திரம் 20 டிகிரிக்குச் சரிந்தபின் பார்த்தால் 0.5 ஒளியளவு வரை பொய்யாக மங்கும், நிறமும் சிவக்கும். விண்வெளித் தூசும் இதைத்தான் செய்கிறது. 2017-ல் தபியின் நட்சத்திரம் (ஒழுங்கின்றி மங்கி மீளும் ஒரு தொலைதூர நட்சத்திரம்) மங்கியபோது நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் மங்கியதை வைத்தே, மறைப்பது நுண்தூசு என்று கண்டார்கள். நம் மூட்டம் அதே உயரத்திலுள்ள ஒப்பீட்டு நட்சத்திரங்களையும் சேர்த்து மங்கச் செய்யும். அங்குள்ள தூசு அந்த ஒரு நட்சத்திரத்தை மட்டும் மங்கச் செய்யும். அதனால்தான் சம உயரம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மார்கழித் திருவாதிரையன்று, சுசீந்திரம் திருவிழா முடியும் நாளில், ஏறக்குறைய முழுநிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும். அன்றும் முன்பின் இரண்டு நாளும் அளவெடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்தே இரவுகளைத் தின்றுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பிக்கையான காலம்.

கேமராவில் எடுப்பதானால் 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 100, 5 நொடி, ரா வடிவம், ஃபோகஸைச் சற்றே கலைத்து 15 படங்கள். பச்சை நிறப் பகுதியை மட்டும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நட்சத்திரத்தின் நடுப்புள்ளி உச்ச அளவைத் தொட்டுவிட்டால் அந்தப் படம் வீண், லென்ஸின் துளையைச் (aperture) சுருக்குங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் முக்காலி ஆடும், காலில் எடை கட்டாமல் எடுக்க முடியாது. கடற்கரையில் லென்ஸில் பனி படிவதை ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

மாறொளி நட்சத்திரங்களைக் கண்காணிப்போருக்காக 1911-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஏஏவிஎஸ்ஓ (AAVSO) சங்கத்துக்கு அளவை அனுப்பும்போது உலக நேரம் (UT) தர வேண்டும். இரவு 9 மணி என்றால் 15:30. ஒப்பிட்ட நட்சத்திரங்களின் பெயரோடு, மூட்டம் இருந்தால் அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.