எருமைக் கொம்புல பிடி போட்டு ஒட்டுக் கத்தி அடிச்ச அனுபவம்

மாடித் தோட்டத்துல ரோஜாவும் செம்பருத்தியும் ஒட்டுக் கட்டறதுக்கு ஒரு நல்ல கத்தி வேணும்னு ரொம்ப நாளாவே ஆசை. கடையில வாங்கினது எல்லாம் கொஞ்ச நாள்ல முனை மழுங்கிடுது, பிளாஸ்டிக் பிடி வெயில்ல வெளுத்து விரிசல் விட்டுடுது. சரி நாமளே இரும்பு அடிச்சு, கொம்புல பிடி போட்டு ஒண்ணு பண்ணிடலாம்னு இறங்கினேன். பண்ணி முடிச்சாச்சு, தினமும் கையில இருக்கு. யாராவது இதே மாதிரி பண்ணணும்னு நினைச்சா உபயோகமா இருக்கும்னு எழுதறேன்.

முதல்ல கொம்பு விஷயத்தைச் சொல்லிடறேன், ஏன்னா இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. வெளிநாட்டு வீடியோல எல்லாம் மான் கொம்புதான் போடறாங்க. அங்க மான் வருஷா வருஷம் உதிர்க்கிற கொம்பை காட்டுல பொறுக்கிட்டு வந்து போடறது பல இடத்துல சகஜம். நம்ம நாட்டுல அது கூடவே கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை விக்கறதும் குத்தம் வாங்கறதும் குத்தம், தானா உதிர்ந்து கீழ கிடந்தாலும் எடுத்துட்டு வர நமக்கு உரிமை இல்ல. சென்னைல இருக்கற நமக்கு இது தூரத்து சமாச்சாரம் இல்ல, கிண்டி தேசியப் பூங்காவுலயும் பக்கத்துல ஐஐடி வளாகத்துலயும் புள்ளிமான் சர்வ சாதாரணமா மேயுது, கொம்பும் உதிரும். அப்படி உதிர்ந்த கொம்பை முள்ளம்பன்றியும் எலியும் கடிச்சுத் தின்னும், அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து அதுங்களுக்கு வேணும். ஒரு காலத்துல இங்கிலாந்து ஷெஃபீல்டு ஊர்க் கத்திக்கெல்லாம் நம்ம கடமான் கொம்புதான் கப்பல் ஏறிப் போச்சு, 1998ல ஏற்றுமதிய சுத்தமா நிறுத்திட்டாங்க. எனக்கு அது ரொம்ப சரின்னு படுது. யாராவது தாத்தா காலத்துக் கொம்பு வீட்டுல இருக்கு தரட்டுமான்னு கேட்டாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

அதனால நான் போட்டது எருமைக் கொம்பு. உத்தரப்பிரதேசத்துல சம்பல்னு ஒரு ஊர், கொம்பு எலும்பு வேலைக்கே பேர் போனது, அங்கேருந்து வர்ற கொம்புத் துண்டு ஆன்லைன்ல கிடைக்குது. மான் கொம்பு எலும்பு ஜாதி, மேல கெட்டியா இருக்கும் உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். எருமைக் கொம்பு நம்ம நகம் எந்தப் பொருளோ அதே பொருள்தான், சூடு பட்டா இளகும், ஆறினா இறுகிடும். வாங்கும்போது நுனிப் பக்கத்துத் துண்டா கேட்டு வாங்குங்க, அதுதான் உள்ள வரைக்கும் கெட்டி, அடிப் பக்கம் வெறும் கூடு.

இரும்புக்கு, பழைய வண்டி பாகம் விக்கற புதுப்பேட்டை போனேன். லாரி ஸ்பிரிங் பட்டா அங்க எடைக்குக் கிடைக்கும். அதுல கார்பன் அரை சதவீதத்துக்கு மேல இருக்கும், கத்திக்கு அது போதும். கம்பிக் கடையில விக்கற சாதா இரும்பை என்ன பண்ணாலும் முனை நிக்காது. ஒடைஞ்சு போன பட்டா மட்டும் வேணாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ள ஓடியிருக்கும், அடிக்கும்போதோ எண்ணெய்ல விடும்போதோ வாய் பிளந்துடும்.

அடிச்சது செங்குன்றம் தாண்டி ஒரு கொல்லுப் பட்டறைல. பட்டறைக்கார ஐயா உலையைப் பாத்துப்பார், அவங்க வீட்டம்மா சம்மட்டி போடுவாங்க, அந்தம்மா கை இறங்கற அழகைப் பாத்துட்டே நிக்கலாம், ஒரு அடி கூட இடம் மாறாது. துருத்தி போயி இப்ப புளோயர் வச்சிருக்காங்க, கரி மட்டும் இன்னும் சீமைக்கருவேலக் கரிதான். பட்டாவைப் பழுக்க வச்சு வெட்டிரும்பு வச்சு நீளவாக்குல நறுக்கிக் குடுத்தாங்க. அப்புறம் சின்ன சுத்திய என் கையில குடுத்து, "அடிம்மா, ஆரஞ்சு நிறத்துல இருக்கற வரைக்கும் அடி, சிவப்பு மங்கிடுச்சுன்னா நிறுத்திடு, ஆறின இரும்பை அடிச்சா அது மனசு ஒடிஞ்சு போயிடும்"னார். நிஜமாவே அந்த சமயத்துல அடிச்சா உள்ள கீறல் விடும், அதைத்தான் அப்படி சொல்றார்.

வாலை முதல்ல இழுத்தோம், அதாவது பிடிக்குள்ள போற பாகம், மெல்லிசா நீளமா கூராக்கி. அப்புறம் அலகு, அதாவது வெட்டற பாகம். ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாணை, இன்னொரு பக்கம் தட்டையா இருக்கணும், அப்பதான் குச்சியை சீவினா வெட்டு சமமா வந்து ரெண்டு பட்டையும் சேந்து ஒட்டும். அடிச்சு முடிச்சதும் மூணு தடவை சிவக்க வச்சு காத்துல சும்மா ஆற விட்டோம், அடிச்ச அடியோட இறுக்கம் அதுல இறங்கிடும்.

இங்க ஐயா சொன்ன வரிசை முக்கியம். நான் தோய்ச்சல், அதாவது அலகைப் பழுக்க வச்சு எண்ணெய்ல முக்கி கடினமாக்கறது, அதை முடிச்சுட்டு பிடி போடலாமான்னு கேட்டேன், அவர் வேணாம்மா பிடியோட துளையை இப்பவே சுட்டு வச்சுக்கோன்னார். கொம்புல டிரில் போட்டு ஒரு சின்ன துளை, வாலை சூடு பண்ணி, சிவக்க கூடாது, கருப்பாவே இருக்கற சூடு, அந்தத் துளைல மெதுவா அழுத்தணும். கொம்பு இளகி வாலோட வடிவத்தையே வாங்கிக்கும். முடி பொசுங்கற நாத்தம் மூக்கைத் துளைக்கும், மாஸ்க் போட்டுக்கோங்க, திறந்த இடத்துல பண்ணுங்க. கொஞ்சம் போனதும் வெளிய எடுத்து ஆற விட்டு மறுபடி, அவசரப்பட்டா கொம்பு கருகி நொறுங்கிடும். தோய்ச்சலுக்கு அப்புறம் வாலை இப்படி சூடு பண்ணா அந்த சூடு அலகுக்கு ஏறி அதோட கடினம் போயிடும், அதான் முன்னாடியே.

தோய்ச்சல் சாயங்காலம் பட்டறைக்குள்ள இருட்டுல பண்ணோம், வெளிச்சத்துல இரும்போட நிறம் கண்ணை ஏமாத்திடும். என்கிட்ட ஒரு காந்தம் இருந்துச்சு. 770 டிகிரி பக்கத்துல இரும்பு காந்தத்துல ஒட்டாது, ஒட்டறது நின்னதும் இன்னும் கொஞ்சம் சூடு ஏத்தி எண்ணெய்ல விடணும். ஐயாவுக்கு காந்தமே வேணாம், நிறத்தைப் பாத்தே இப்பன்னு சொன்னார், வச்சுப் பாத்தா காந்தம் ஒட்டல. அந்தக் கண்ணு வர்றதுக்கு ஒரு ஆயுசு வேணும். எண்ணெய் நான் வீட்டு சமையல் எண்ணெய்தான் கொண்டு போனேன், பழைய இஞ்சின் ஆயில் புகை உடம்புக்குக் கெடுதல். எண்ணெயை 50, 60 டிகிரிக்கு சூடு பண்ணிக்கணும், வெதுவெதுப்பா இருந்தா இளகி ஓடி சீக்கிரம் சூட்டை வாங்கும். தண்ணில விட்டா இந்த இரும்பு பட்டுனு வெடிச்சுடலாம். அலகை நேரா முனை கீழ இறக்கணும், பக்கவாட்டுல ஆட்டினா கோணிக்கும். எடுத்ததும் அரம் வச்சு இழுத்துப் பாத்தேன், கண்ணாடி மேல இழுத்தாப்ல வழுக்கிட்டுப் போச்சு. அந்த சத்தம் கேட்டதும் வந்த சந்தோஷம் இருக்கே, அப்படியே நின்னுட்டேன்.

ஆனா அப்படியே விட்டா கீழ விழுந்தா ஒடிஞ்சுடும், கொஞ்சம் இளக்கணும். நான் வீட்டுல ஓடிஜில, அதான் கேக் பண்ற கரண்ட் அடுப்புல, 200 டிகிரில ரெண்டு மணி நேரம் வச்சு எடுத்து, ஆற விட்டு, இன்னொரு தடவையும் வச்சேன். ஐயா வழி வேற, பட்டறைல இன்னொரு துண்டுல காட்டினார். அலகை செங்கல்லால தேய்ச்சு பளபளப்பாக்கிட்டு, பழுத்த ஒரு இரும்பு மேல அதோட முதுகுப் பக்கத்தை வச்சார். கண்ணை எடுக்காம பாத்தா முதுகுலேருந்து வைக்கோல் நிறம் மெதுவா நகர்ந்து வருது, அதுக்குப் பின்னாடியே பழுப்பு, அதுக்கும் பின்னாடி நீலம். வைக்கோல் நிறம் வெட்டற முனையைத் தொடற அந்த நொடில தண்ணில முக்கிட்டார். முதுகு நீலமா, வளைஞ்சு குடுக்கற பதத்துல இருக்கு, முனை மட்டும் கடினமா நிக்குது. ஓடிஜில இந்த வித்தியாசம் வராது, கத்தி முழுக்க ஒரே பதம்தான். சின்னக் கத்திக்கு அது பரவாயில்ல, அரிவாள் மாதிரி ஓங்கி வெட்டறதுக்கு ஐயா வழிதான்.

பிடி ஒட்டறதுக்கு எல்லாரும் எபாக்சி பசை போடுன்னாங்க, நான் அரக்கு போட்டேன். அரக்கை உருக்கி சலிச்ச செங்கல் பொடி கலந்து துளைல ஊத்தி வாலை இறக்கணும், நம்ம நாட்டு வாள் பிடியெல்லாம் இப்படித்தான் ஒட்டியிருக்காங்க. என்னைக்காவது பிடி மாத்தணும்னா லேசா சூடு காட்டினா கழண்டு வந்துடும், எபாக்சின்னா அவ்வளவு சுலபமா வராது. அலகு பக்கத்துல ஒரு பித்தளைப் பூண் மாட்டினேன், கொம்பு வாய்ப் பக்கம் பிளக்காம அது பிடிச்சுக்கும்.

பாலீஷ் பொறுமையான வேலை. 120 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 220, 400ன்னு 1000 வரைக்கும், தண்ணி தொட்டுத் தொட்டு தேய்க்கணும், உலர்ந்த கொம்புத் தூசி நெஞ்சுக்குள்ள போகக் கூடாது. கடைசில துணில எண்ணெய் தொட்டுத் தேய்ச்சா கருகருன்னு ஒரு மினுமினுப்பு வரும் பாருங்க, என் துண்டுல நடுவுல தேன் நிறத்துல ஒரு ரேகை ஓடுது, வெயில்ல தூக்கிப் பிடிச்சா அது வழியா வெளிச்சமே தெரியுது.

பராமரிப்பு ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா நம்ம ஊர் உப்புக் காத்துக்கு அலகை வேலை முடிஞ்ச கையோட தொடைச்சு துளி தேங்கா எண்ணெய் தடவியே ஆகணும், ஒரு ராத்திரி விட்டா காலைல துரு தெரியும். கத்தியைத் தண்ணில ஊற வைக்காதீங்க, மாடி வெயில்லயும் போட்டு வைக்காதீங்க, கொம்பு வறண்டா வெடிக்கும். கம்பளித் துணி அரிக்கிற சின்ன வண்டுப் புழு கொம்பையும் அரிக்கும், அதனால மாசக்கணக்குல டப்பால போட்டு மூடி மறந்துடாம அப்பப்ப எடுத்து எண்ணெய் தடவி கையில பிடிச்சு வேலை செய்யுங்க.