பழைய ஸ்லாட் கார்கள்: அடையாளம் கண்டதும் பாகம் தேடியதும்

ஸ்லாட் கார் என்பது பள்ளம் உள்ள தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மைப் பந்தயக் கார். பழையது ஒன்று கையில் கிடைத்ததும் பாடியைப் பார்த்து “இது போர்ஷே, இது ஃபெராரி” என்று சொல்லிவிடுகிறோம். பாகம் தேடப் போகும்போது அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. காரைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் மோட்டாரையும் சக்கரத்தையும் தாங்கும் சட்டமான சேஸிஸ் எந்தக் கம்பெனி, எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொண்டால்தான் டயரிலிருந்து மோட்டாருக்குள் உரசும் கார்பன் பிரஷ் வரை எதையும் சரியாக வாங்க முடியும். பினாங்கில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்து பார்க்கிறேன். இதுவரை கற்றதை எழுதிவைத்தால் இன்னொருவருக்கு உதவும்.

சாமான் வந்தது லோரோங் கூலிட்டிலிருந்து. ஜார்ஜ் டவுனில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் காலையில் கூடும் பழைய பொருள் சந்தை. தரையில் கடை விரித்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் பிஸ்கட் டின் நிறையக் குட்டிக் கார்கள், கூடவே இரண்டு பெரிய கார்கள், கொஞ்சம் உடைந்த தண்டவாளம், ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

“பாய், இந்த நாலு மட்டும் எடுத்துக்கவா?”

“ஒத்தையா குடுக்க மாட்டேன் தம்பி. மொத்தமா எடுத்துக்கிட்டுப் போ. ஓடுமான்னு மட்டும் கேக்காதே.”

மொத்தமாகவே எடுத்தேன். அதுதான் நல்லதாகப் போயிற்று. பாடி உடைந்து, சக்கரம் கழன்று, யாரும் தொடாமல் கிடந்த கார்கள்தான் இப்போது எனக்குப் பாகக் கிடங்கு.

புதியவர்களுக்கு ஒரு வரி. தண்டவாளத்தின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். காரின் முன்னால் தொங்கும் கைடு அதில் இறங்கி வழி பிடிக்கும். பள்ளத்துக்கு இரு பக்கமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து கார் மின்சாரம் எடுக்கும். கையில் இருக்கும் கன்ட்ரோலரை அழுத்துகிற அளவுக்கு வேகம்.

முதலில் அளவு பார்த்துப் பிரித்தேன். உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும் பெரியவை பெரும்பாலும் 1/32 அளவு, அதாவது நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு. நம் பக்கம் பிரிட்டிஷ் பொருள்கள் நிறைய வந்ததால் இந்த அளவில் அதிகம் கண்ணில் படுவது ஸ்கேலெக்ஸ்ட்ரிக். ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவரின் மினிமாடல்ஸ் கம்பெனி 1957-ல் இதைத் தகரக் கார்களோடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே கம்பெனி, டிரை-ஆங் பெயரில் பொம்மை விற்ற லைன்ஸ் பிரதர்ஸிடம் போனது. 1960-லிருந்து பிளாஸ்டிக் கார்கள். லைன்ஸ் பிரதர்ஸ் 1971-ல் விழுந்துவிட்டது. ஆகவே அடியில் டிரை-ஆங் பெயர் தெரிந்தால் அந்தக் கார் எந்தக் காலத்தில் வார்க்கப்பட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம். பக்கத்திலேயே ‘சி’ எழுத்தில் தொடங்கும் மாடல் எண்ணும், எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்கும். ஸ்பெயினில் எக்ஸின் கம்பெனி செய்தவையும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மோட்டாரைக் கழற்றிப் பார்க்காமல் ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்கு வாங்க வேண்டாம். என்னிடம் உள்ள இரண்டில் ஒன்றுக்கு எண் தெளிவாக இருந்தது. மற்றதில் தேய்ந்து போயிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தபோதுதான் எண் எழும்பி வந்தது. இந்தச் சாய்வு வெளிச்சம் எல்லாப் பழைய சேஸிஸுக்கும் உதவும்.

இனி பிஸ்கட் டின். உண்மையான வேலை அங்கேதான்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமான இந்தக் குட்டிக் கார்களை எச்ஓ அளவு என்பார்கள். இதில் பெரிய பெயர் அமெரிக்காவின் அரோரா. 1960-ல் அவர்கள் இறக்கிய முதல் கார்களில் சுழலும் மோட்டாரே கிடையாது. ஒரு கம்பிச் சுருளின் மேல் ஒரு தகடு அதிர்ந்து, அந்த அதிர்வு சக்கரத்தைத் தள்ளும். அவை ஏசி மின்சாரத்தில் ஓடுபவை. எனக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை. 1963-ல் வந்தது தண்டர்ஜெட் 500, செல்லமாக டி-ஜெட். மோட்டார் படுத்த வாக்கில் தட்டையாக இருப்பதால் பேன்கேக் மோட்டார் என்று பெயர். 1971-ல் ஏஎஃப்எக்ஸ், 1974-ல் மேக்னா-டிராக்‌ஷன். அதற்குப் பிறகு மோட்டாரை நீளவாக்கில் வைத்த ஜி-பிளஸ். 1980களின் தொடக்கத்தில் அரோரா இல்லாமல் போனது. ஏஎஃப்எக்ஸ் பெயரை டோமி எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் டைகோ தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றைப் பிரிக்க நான் வைத்துக்கொண்ட வழி இது. பாடியைச் சேஸிஸில் ஸ்க்ரூ பிடித்திருக்கிறதா, இல்லை வெறும் அழுத்தத்தில் கவ்வி நிற்கிறதா? முன்னும் பின்னும் ஸ்க்ரூ இருந்தால் டி-ஜெட். கவ்வி நின்றால் ஏஎஃப்எக்ஸ் காலமோ அதற்குப் பிந்தையதோ. அடுத்து மோட்டார். மேலே பற்சக்கரங்கள் படுத்திருக்கும் உலோகத் தட்டு தெரிந்தால் பேன்கேக் வகை. மோட்டாரின் சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதியான ஆர்மேச்சர் நீளவாக்கில் கிடந்து, பின் ஆக்சிலில் (சக்கர அச்சில்) நேராகக் கிரவுன் கியர் என்ற பற்சக்கரத்தைச் சுழற்றினால் ஜி-பிளஸ், டோமி, டைகோ இந்தப் பக்கம். அங்கே பெயர் பெரும்பாலும் சேஸிஸிலேயே வார்த்திருக்கும்.

சிக்கல், சாதாரண ஏஎஃப்எக்ஸையும் மேக்னா-டிராக்‌ஷனையும் பிரிப்பதில். ஒன்றின் பாடி மற்றதன் மேல் அப்படியே கவ்விக்கொள்ளும். ஐம்பது வருஷமாகப் பிள்ளைகள் கழற்றி மாட்டி விளையாடியதில் எந்தப் பாடி எந்தச் சேஸிஸோடு பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரு குண்டூசி போதும். மேக்னா-டிராக்‌ஷனில் மோட்டார் காந்தங்களை உயரமாகச் செய்து, சேஸிஸின் அடி வரை இறக்கியிருப்பார்கள். தண்டவாளத்தின் இரும்புப் பட்டையை அந்தக் காந்தம் கவர்வதால் கார் கீழ்நோக்கி இழுபடும். வளைவில் கார் பறக்காமல் நிற்பது அதனால்தான். காரைக் கவிழ்த்து, குண்டூசியை மேலே கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சாதாரண ஏஎஃப்எக்ஸில் அந்த இழுப்பு இருக்காது. உற்றுப் பார்த்தால் அடியில் இரண்டு இடத்தில் காந்தத்தின் சாம்பல் நிறமும் தெரியும். இந்த வித்தியாசம் தெரியாமல் காந்தம் வாங்கினால் பணம் வீண், உயரம் பொருந்தாது.

இந்தத் தேடலில் எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது ஒரு சின்ன எழுத்து. கறுத்துப் போயிருந்த ஒரு சேஸிஸைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, டார்ச்சைச் சாய்த்து அடித்தால், அரோரா பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்று நின்றது. அமெரிக்கப் பொம்மை என்று நினைத்துக் கையில் எடுத்த பொருள் பக்கத்து ஊரில் செய்தது. அரோரா 1970களில் ஏஎஃப்எக்ஸ் கார்களைச் சிங்கப்பூரில் செய்தது. நான் பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை செய்பவன். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பின. இந்தச் சிறு ஆர்மேச்சரையும் நம்மைப் போன்ற யாரோ ஒருவர் லைனில் உட்கார்ந்து பொருத்தியிருப்பார் என்று நினைக்கும்போது அதைச் சரிசெய்யாமல் விட மனம் வரவில்லை.

பேன்கேக் மோட்டாரைப் பிரிப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாகம் தொலைவது இங்கேதான். பாடியை எடுத்ததும் மேலே பற்சக்கரத் தட்டு. அதன் பின்பக்கத்தை ஒரு சிறு உலோகக் கிளிப் பிடித்திருக்கும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் கழன்றுவிடும். விரலால் மேலே மூடிக்கொண்டு நெம்புங்கள், இல்லாவிட்டால் கிளிப் எங்கே பறந்தது என்று தரையில் தவழ வேண்டியிருக்கும். தட்டைத் தூக்கினால் ஆர்மேச்சரும் கூடவே வரும். டி-ஜெட்டில் தட்டின் மேல் மூன்று பற்சக்கரங்கள். ஏஎஃப்எக்ஸ் வரிசையில் நான்கு பற்சக்கரம் உள்ள சேஸிஸும் உண்டு, அதையும் எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். ஆர்மேச்சரின் அடியில் நாணயம்போல் தட்டையான கம்யூட்டேட்டர், அதாவது கம்பிச்சுற்றுகளுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் பகுதி, மூன்று செம்புத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். சேஸிஸின் இரண்டு துளைகளில் உட்கார்ந்திருக்கும் வட்டக் கார்பன் பிரஷ்கள், கீழேயுள்ள செம்புத் தகடு தள்ளுவதால் அதன் மேல் உரசும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்குச் செம்பு பச்சை பிடிக்காமல் இருக்காது. கம்யூட்டேட்டரையும், தண்டவாளப் பட்டையைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் தகடுகளான பிக்கப் ஷூக்களையும் பென்சில் அழிப்பான் வைத்துத் தேய்த்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பெயிண்ட் தின்னர் கிட்டவே வரக்கூடாது; பிளாஸ்டிக் கரைந்துவிடும். அதன்பின் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டு இரண்டாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். மூன்று அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ஆர்மேச்சர் நலம். என் ஏஎஃப்எக்ஸ்கள் 15 ஓமை ஒட்டி நின்றன. ஒன்று மட்டும் விலகிப்போனால் அந்தச் சுற்றில் கோளாறு. எல்லாமே பாதிக்கும் கீழே காட்டினால் அது வேகத்துக்கென்று சுற்றிய ஆர்மேச்சராக இருக்கலாம். அரோராவே டஃப் ஒன்ஸ் வரிசையில் அப்படிப் போட்டது. அதைத் தனியாக எடுத்துவைக்கவும்.

காந்தம் இரண்டையும் கழற்றும்போது எது முன்னே, எது பின்னே என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள். மாற்றி வைத்தால் கார் பின்னோக்கி ஓடும். டின்னில் ஒன்று அப்படித்தான் ஓடியது. மோட்டார் கெட்டது என்று யாரோ ஒதுக்கிவைத்த கார், காந்தத்தை இடம் மாற்றியதும் முன்னே பாய்ந்தது.

பாகங்கள். டயரில் தொடங்குகிறேன், அதுதான் எல்லாப் பழைய காரிலும் போயிருக்கும். பழைய ரப்பர் கல்லாக இறுகி வெடித்துவிடும். பின் டயருக்குச் சிலிகான் டயர் வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. “ஏஎஃப்எக்ஸ் டயர்” என்று மட்டும் சொல்லி வாங்காமல் சக்கரத்தின் விட்டத்தையும் அகலத்தையும் காலிப்பரால் அளந்து கேளுங்கள். ஒரே சேஸிஸில் வெவ்வேறு சக்கரம் வந்திருக்கிறது. டி-ஜெட்டின் மெல்லிய முன் டயருக்கு வெளிநாடு போக வேண்டாம், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போதும். பேரிங், சீல் விற்கும் கடையில் சக்கரத்தையே காட்டிக் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தார், காசுக் கணக்கில்தான் விலை.

பிக்கப் ஷூ, ஷூ ஸ்பிரிங், பிரஷ், கைடு பின், ஆக்சில் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டி-ஜெட் ஷூ வேறு, ஏஎஃப்எக்ஸ் ஷூ வேறு. ஏஎஃப்எக்ஸுக்கும் மேக்னா-டிராக்‌ஷனுக்கும் ஒன்றே. ஆட்டோ வேர்ல்டு என்ற கம்பெனி தண்டர்ஜெட், எக்ஸ்-டிராக்‌ஷன் என்ற பெயர்களில் பழைய வடிவத்தை ஒட்டிய புதுக் கார்கள் விடுகிறது. பாடிக்கு அவை நல்ல வழி. உள் பாகம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நம்பி மொத்தமாக வாங்க வேண்டாம், ஒன்றை வாங்கிப் பொருத்திப் பாருங்கள்.

ஒரு விற்பனையாளர் மேக்னா-டிராக்‌ஷன் சேஸிஸ் என்று அனுப்பியது வந்து பார்த்தால் சாதாரண ஏஎஃப்எக்ஸ். விளம்பரத்தில் இருந்தது மேலிருந்து எடுத்த படம் மட்டும். அன்றிலிருந்து அடிப்பக்கப் படம் கேட்காமல் காசு அனுப்புவதில்லை. தபால் செலவைப் பகிர, கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கும் ஒரு அண்ணனும் நானும் சேர்ந்தே ஆர்டர் போடுகிறோம். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கு, பதிவு செய்த விற்பனையாளர்கள் 10 விழுக்காடு வரி சேர்க்கிறார்கள். விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளவும்.

டிரான்ஸ்ஃபார்மர் பற்றி ஓர் எச்சரிக்கை. டின்னோடு வந்தது அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் 240. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் புகைதான் வரும், உயிருக்கும் ஆபத்து. அதை அலமாரியில் வைத்துவிட்டு, வோல்ட் கூட்டிக் குறைக்கும் டிசி பவர் சப்ளை ஒன்றை அந்த அண்ணன் மூலம் கோலாலம்பூர் ஜாலான் பாசார் மின்னணுக் கடையில் வாங்கினேன். எச்ஓ கார்கள் 18 முதல் 20 வோல்ட்டில் ஓடுபவை. நெடுநாள் கிடந்த மோட்டாரை எடுத்தவுடன் அங்கே கொண்டுபோகாமல், துளி எண்ணெய் விட்டு 8, 9 வோல்ட்டில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு ஏற்றுகிறேன். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்குக்கு 12 வோல்ட், அதற்கு மேல் வேண்டாம்.

இன்றைய நிலவரம்: சிங்கப்பூர் எழுத்துள்ள ஏஎஃப்எக்ஸ்கள் எல்லாம் ஓடுகின்றன, அதில் ஒன்று, சிவப்புப் பாடி போட்டது, மற்றவற்றை விட நன்றாகவே ஓடுகிறது. டி-ஜெட்களில் பாதி தயார். எண் தெளிவாக உள்ள ஸ்கேலெக்ஸ்ட்ரிக் மோட்டார் சுற்றுகிறது, கைடுக்கு மின்சாரம் எடுக்கும் புதுச் செம்புப் பின்னல் மாட்டியாயிற்று. மற்றதன் கிரவுன் கியர் பல் உடைந்திருக்கிறது. பற்களை எண்ணிக் குறித்து, ஆக்சில் கனத்தையும் அளந்து அனுப்பியிருக்கிறேன், பதில் வரவேண்டும். டி-ஜெட் பற்சக்கரத் தட்டைப் பிடிக்கும் கிளிப் இரண்டு குறைகிறது. பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள். மாற்றாக ஏஎஃப்எக்ஸ் பின் ஆக்சில், சக்கரத்தோடு தருகிறேன்.