தலசீமியா கருப்பரிசோதனை: நாட்கணக்கும் படிவங்களும்

பீட்டா தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். கணவன், மனைவி இருவருமே அதன் கேரியர் (குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்) என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தீவிர நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கருவிலேயே சோதித்துப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. 1994-ல் வந்து, 2003-ல் திருத்தப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், ஹீமோகுளோபின் குறைபாடுகளை அனுமதிக்கப்பட்ட காரணங்களுள் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனாலும் எங்களிடம் வருகிற பலர் "இது சட்டவிரோதமாமே" என்ற பயத்தில் மூன்று நான்கு வாரங்களைக் கடத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த வாரங்கள் திரும்பக் கிடைக்காது.

முதலில் பெற்றோரின் ரத்தம். ஹீமோகுளோபின் வகைகளில் ஒன்றான ஏ2-வின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் கேரியர் என்று எடுத்துக்கொள்வோம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் கீழே இறங்கிவிடும், கேரியர் இல்லை என்று தப்பாகத் தோன்றும். அதனால் சிவப்பணுவின் சராசரிப் பருமன் (அறிக்கையில் எம்சிவி) 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே இருந்தால் ஏ2 ஒன்றை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. கேரியர் என்று தெரிந்ததும், இருவரிடமும் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த முடிவு கையில் இல்லாமல் கருவின் மாதிரியை எடுத்தால், எதைத் தேடுவது என்றே ஆய்வகத்துக்குத் தெரியாது. கர்ப்பத்துக்கு முன்பே செய்துவிடுவது உத்தமம். முடியாவிட்டால் ஆறாவது வாரத்திலாவது ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

கருவைச் சோதிக்க நஞ்சுக்கொடியிலிருந்து திசு (நஞ்சுத் திசு) எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள். அது தவறினால் 16-வது வாரம் பனிக்குட நீர், ஏறத்தாழ 20 மில்லி. நீரின் முதல் ஒன்றிரண்டு மில்லியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள், ஊசியோடு வந்த தாயின் செல்கள் அதில் இருக்கும். நஞ்சுத் திசுவை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் தாயின் திசுவைப் பிரித்தெடுக்க வேண்டும். கலப்பு இருந்தால் தாயின் மரபணுவையே கருவுடையது என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. அதைச் சரிபார்க்கத்தான் ஊதா மூடிக் குழாயில் தாயின் ரத்தமும் கூடவே போகிறது. தாயின் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை மறக்கக் கூடாது.

இனி படிவங்கள். மையத்தின் பதிவுச் சான்றான படிவம் பி சுவரில் மாட்டியிருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று பாருங்கள். ஐந்து ஆண்டுதான் செல்லும். படிவம் ஜி சம்மதப் படிவம், கையெழுத்து கர்ப்பிணியுடையது. கணவர் கையெழுத்தும் வேண்டும் என்று சில இடங்களில் நிறுத்திவைக்கிறார்கள். சட்டம் கேட்பது பெண்ணின் எழுத்துபூர்வ சம்மதம் மட்டுமே, அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சொன்ன பிறகு. ஒரு நகல் அவர் கையில் தரப்பட வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால் கருவைக் கலைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியும் அந்தப் படிவத்தில் இருக்கிறது, வாசித்துவிட்டே போடச் சொல்லுங்கள்.

சோதனை பற்றி மையம் நிரப்பி வைக்கும் பதிவான படிவம் எஃப்-தான் அதிகம் சிக்கல் கொடுப்பது. அதில் ஒரு கட்டம் வெற்றாக இருந்தாலும் சட்டம் அதை மீறலாகவே கருதும், அப்படி இல்லை என்று நிரூபிப்பது மருத்துவர் பொறுப்பு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதனால்தான் நர்ஸ் நான்கு தடவை கேட்கிறார், கோபப்படாதீர்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் வயது, முகவரி, கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாம் எழுதிக் கொண்டுபோங்கள். பரிந்துரைச் சீட்டில் 'ஸ்கேன்' என்று மட்டும் இருந்தால் போதாது, கேரியர் முடிவும் வாரக் கணக்கும் இருக்க வேண்டும். அடிக்கடி இடறும் இடம் இனிஷியல்: ஆதாரில் பெயருக்குப் பின்னால், சீட்டில் முன்னால், குழாய் லேபிளில் இல்லவே இல்லை. ஆய்வகம் மாதிரியை நிறுத்திவைத்துவிடும். மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பாலினம் பற்றி. தாயின் செல் கலப்பைப் பார்க்கப் பயன்படும் சோதனைத் தொகுப்புகள் (கிட்) பலவற்றில் பாலினம் காட்டும் குறியீடும் கூடவே வரும். ஆய்வகம் அதை மறைத்துத்தான் அறிக்கை தரும், வரைபடப் பக்கத்தைக் கேட்டு வாதாட வேண்டாம். சொல்லாலும் சைகையாலும் வேறெந்த வகையிலும் தெரிவிக்கக் கூடாது என்பது சட்டம். பாலினம் அறியச் சோதனையை நாடும் கணவருக்கும் உறவினருக்கும் முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணை இந்தத் தண்டனை தொடாது.

முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நோய் உறுதியாகி, கர்ப்பத்தைக் கலைக்க விரும்பினால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரத்தைத் தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும், ஆனால் அனுமதி கிடைக்கும் என்று உறுதியில்லை. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. தொடர்கிறேன் என்றால், பிரசவத்துக்கு முன்பே ரத்தம் ஏற்றும் மையத்தில் குழந்தைக்காகப் பேசிவைக்கிறோம்.