கண்ணுக்குள் ஊசி போட்டதைவிட கிளைம் வாங்கியதுதான் பெரும்பாடு

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 14. கதவு நிலை வளைந்து தெரிகிறது, படிக்கும்போது நடு எழுத்து கலைந்துபோகிறது என்று கண்ணாடிக் கடையில் சொன்னேன். பவர் ஏறியிருக்கும் என்று புதுக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். பணம் போனால் போகட்டும், அந்த நாட்கள் போனதுதான் இன்னும் ஆறவில்லை. நேர்க்கோடு நெளிந்தால் தயவுசெய்து நேராக விழித்திரை டாக்டரிடம் போங்கள்.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன், கையில் சாயம் ஏற்றி கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. (சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள்.) கண் பின்பக்கமாக நீண்டு, விழித்திரைக்கு ரத்தம் கொடுக்கும் கோராய்டு படலம் மெலிந்துவிட்டதாம். ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்றார் டாக்டர். அவற்றை அடக்க ரானிபிசுமாப் ஊசி. மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போட்டார்கள். ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

அன்றே வீட்டுக்கு அனுப்பியதால் 24 மணி நேர அட்மிஷன் இல்லை என்று கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது, மறுக்கப்பட்டது. கைக்காசு கட்டி, பிறகு பில்களை அனுப்பினேன். "மயோபியான்னா பவர்தானே சார்? பவர் ட்ரீட்மென்ட்டுக்குப் பாலிசியில இடமில்ல" என்று அதையும் தள்ளினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் 'ஹை மயோபியா' (அதிகக் கிட்டப்பார்வை) என்று மட்டும் எழுதியிருந்ததுதான் வினை. திருத்தித் தர முடியாது என்று பில்லிங் கவுன்டரில் கையை விரித்தார்கள். டாக்டருக்காக வெளியே காத்திருந்து, 'மயோபிக் கோராய்டல் நியோவாஸ்குலரைசேஷன்' (அந்தப் புதுக் குழாய்கள் முளைக்கும் நோயின் பெயர்) என்று முழுசாக எழுதி வாங்கினேன்.

பாலிசியை வரி வரியாகப் படித்தேன். அதில் விலக்கு இருப்பது 7.5 டயாப்டருக்குக் குறைந்த பவரைச் சரிசெய்யும் செலவுக்கு. என் பவர் 14. இந்த ஊசி பவரைத் தொடுவதே இல்லை. தவிர, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருந்தது. உச்சவரம்பு மட்டும் வைக்கலாம் என்றது. இரண்டையும் எழுதி, ஓசிடி பிரின்ட், மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அடுத்து இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன்தான் என்று கடைசி வரியில் குறிப்பிட்டேன். பணம் வந்துவிட்டது, உச்சவரம்புக்கு மேல் உள்ளதைக் கழித்து.

கதவு நிலை இப்போது நேராகத் தெரிகிறது. நடுவில் ஒரு மங்கல் மிச்சம். மெலிந்த படலம் திரும்ப வளராதாம். கசிவு மறுபடி வரலாம் என்பதால் கோடு நெளிகிறதா என்று பார்க்க உதவும் ஆம்ஸ்லர் கட்டத்தை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்.