வசவு அட்டைகள் சேர்ந்துவிட்டன, ‘அந்தாக்குல’ இன்னும் சிக்கவில்லை

எங்கள் வீட்டு நெல்லைப் பேச்சை அட்டையில் எழுதிச் சேர்க்கும் வேலையில் நெடுநாளாகக் காலியாகக் கிடந்த வசவுப் பெட்டி ஒருவழியாக நிரம்பிவிட்டது. இந்தப் பதிவே அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான். சொல் சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், வசவு எவ்வளவு கஷ்டம் என்று. “ஆச்சி, உங்களுக்குத் தெரிஞ்ச ஏச்செல்லாம் சொல்லுங்க” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “நான் யாரய்யா ஏசினேன்? அதெல்லாம் நம்ம வாயில வராது.” அடுத்த நிமிடம் தெருவில் போகிற ஆட்டைப் பார்த்து முழு அகராதியும் வெளியே வரும். அப்போது கையில் ரெக்கார்டர் இருக்காது.

பொருட்பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. போணி, சருவம், வாரியல், நார்ப்பெட்டி, கொட்டான், கடவப்பெட்டி எல்லாம் கையால் சுட்டிக் காட்டினால் வந்துவிடும். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல், தட்டட்டி (மொட்டை மாடி) எல்லாம் கிடைக்கும். பட்டாசல் என்பது பட்டகசாலை தேய்ந்து வந்தது. சாவிக்கு ஆச்சி சொல்வது தொறவா, அதாவது திறவுகோல். அதைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சாவி போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொல் என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

எனக்குத் தலைவலி தருவது வாக்கியம்தான். என் அட்டையில் சொல், எந்த ஊர், யார் யாரிடம் சொன்னது, சொன்ன வாக்கியம், கடைசியாகப் பொருள் என்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். வாக்கியம் இல்லாத அட்டையை நான் பெட்டிக்குள் போடுவதில்லை. ஆனால் வாக்கியம் கேட்டால் பெரியவர்கள் உடனே டிவி செய்தி வாசிப்பவர் ஆகிவிடுகிறார்கள். ‘மேலுக்கு முடியல’ என்பதற்கு வாக்கியம் கேட்டால் “அவருக்கு உடல்நிலை சரியில்லை” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார் பெரியம்மை, அதாவது பெரியம்மா. அதே பெரியம்மை சாயங்காலம் போனில், “தடுமமும் மண்டையிடியுமா கெடக்கேன், மேலுக்கு ஆகவே இல்ல” என்று அரைமணி நேரம் பேசுகிறார். அந்த அரைமணி நேரம்தான் எனக்கு வேண்டும், அந்த நிமிர்ந்த வாக்கியம் வேண்டாம்.

பலவிதமாகச் செய்து பார்த்ததில் எனக்குக் கைகொடுத்த வழி இது: கேள்வியே கேட்கக் கூடாது. ஒரு வேலையைக் கையில் எடுத்து, அதை வேண்டுமென்றே தப்பாகச் செய்ய வேண்டும். திருத்தும்போது சொல்லும் வாக்கியமும் தானாக வந்து விழும்.

சுளவில்தான் இதை முதலில் கண்டுபிடித்தேன். அகராதியில் சுளகு, அதாவது முறம்; எங்கள் வாயில் சுளவு. அரிசியைக் கொட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, வாளி நீரைத் தளும்ப விடுவது போல ஆட்டினேன். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

“ஏல, கோட்டிப் பயலே, சுளவ இப்படியா பிடிக்கது? நீ பொடைக்க லெச்சணத்துல அரிசி பூரா முத்தத்துல கெடக்கு. கொண்டா இங்க. இது பொடைக்கதுக்கு உள்ளது இல்ல, கல்லு கெடக்கு பாரு, நாவணும். பைய, பைய.”

ஒரே மூச்சில் கோட்டி (கிறுக்கு), லெச்சணம், நாவுதல், பைய (மெதுவாக). எல்லாமே சொந்த வாக்கியத்தோடு!

அப்புறம்தான் சுளவு வேலை எவ்வளவு பெரிய உலகம் என்று தெரிந்தது. புடைப்பது வேறு. தானியத்தை மேலே எற்றி, சுளவால் தட்டி, உமியும் தூசியும் முன்பக்கம் பறக்க வைப்பது அது. கொழிப்பது வேறு. சுளவை லேசாகச் சாய்த்து அசைத்தால் நொய் ஒரு பக்கமும் முழு அரிசி ஒரு பக்கமுமாகப் பிரியும். நாவுவது கல் பொறுக்குவதற்கான அசைவு. தெள்ளுவது மாவுக்கும் ரவைக்கும். நான்கையும் ‘தானியத்தைச் சுத்தம் செய்தல்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் ஆச்சி முகத்தில் முழிக்க முடியாது. மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, சுளவின் வாய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, தானியம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. அதனால் இந்த நான்கு அட்டைக்கும் ஒலிப்பதிவைக் கைவிட்டு, போனை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து ஆச்சியின் கையை மட்டும் வீடியோ எடுத்தேன். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பொருள் எழுதினேன். இன்னும் கொழிப்பதற்கும் நாவுவதற்கும் நான் எழுதிய வரிகளை மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாத அளவில்தான் இருக்கின்றன. ஆச்சி கை செய்வதை என் பேனா செய்யமாட்டேன் என்கிறது.

பிளாஸ்டிக் முறத்தில் இதெல்லாம் நடக்காது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். தானியம் துள்ளுகிறது, நிதானமாக உருள்வதில்லை. நல்ல ஓலைச் சுளவு வாங்கி, காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்த கூழை அடியில் பூசிக் காயவைத்தால்தான் இடுக்கில் மாவு போகாமல் இருக்கும். இது ஆச்சி சொன்ன கணக்கு. பூசிய சுளவு இப்போது கடையில் கிடைப்பதில்லை, பூசாததைக் கொடுத்துவிட்டு ‘அப்படியே யூஸ் பண்ணலாம் சார்’ என்கிறார்கள்.

வசவுக்கு வருவோம். வசவை வரவழைக்க நான் தப்பாகச் செய்வது மட்டும் போதவில்லை. என்னை ஏசும்போது ஆச்சிக்குப் பாசம் குறுக்கே வந்துவிடுகிறது, ‘கோட்டி’யைத் தாண்டி மேலே போவதில்லை. நிஜமான எதிரி வேண்டும். கோடையில் கூழ் வத்தலும் சீனியவரைக்காய் வத்தலும் போட்ட அன்று எதிரி தானாகவே வந்தது. காக்கா. தட்டட்டியில் வேட்டி விரித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ரெக்கார்டர் ஓடுகிறது என்று முன்பே சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டுதான் வைத்தேன். முதல் வேட்டி நிறைவதற்குள் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

பெரியம்மை காக்காயிடம்: “ஏ மூதி, கொள்ளையில போறதே, ஒனக்கு வேற வீடே கெடைக்கலையா?” அங்கிருந்து திரும்பி என் தங்கையிடம்: “ஏட்டி, குத்துக்கல்லு மாதிரி நிக்கியே, அந்தக் கம்ப எடுத்து வெரட்டுனா என்ன? ஆக்கங்கெட்ட கூவ.” அப்புறம் யாரோ கீழே கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததற்கு ‘பேதியில போவான்’. அப்படியே விட்டுவிடாமல் கடைசியில் ‘நாசமத்துப் போவான்’.

வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் இவற்றை ஒன்றாகப் பார்த்தேன். கொள்ளை என்றால் கொள்ளை நோய், ஊரையே வாரிக்கொண்டு போனது. பேதி என்றால் வாந்திபேதி, காலரா. அந்த நோய் ஊரைக் காலி செய்த நாட்களில் இந்த வார்த்தைக்கு இருந்த கனம் என்ன, இன்று காக்காயிடம் சொல்லும்போது இருக்கும் கனம் என்ன! நோயின் பயம் போய்விட்டது, ஏச்சில் மட்டும் அது இன்னும் குடியிருக்கிறது. ‘நாசமத்து’ இன்னும் வேடிக்கை. பிரித்தால் ‘நாசம் அற்று’, நாசமே இல்லாமல் போகட்டும் என்றுதான் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துகிறார்கள். பெரியம்மையிடம் இதைச் சொன்னேன். “அப்படியா? அப்பம் இனிமே வேற சொல்லணும்” என்றார்.

அகராதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் திருநெல்வேலி வழக்கு, நாஞ்சில் வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று சுருக்கக்குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறிகளைத் தேடிக்கொண்டு பக்கம் புரட்டுவது எனக்குத் தனிப் பொழுதுபோக்கு. ஆனால் யார் யாரிடம் சொன்னது என்பது அங்கே இருக்காது. ‘மூதி’ என்று ஆச்சி என்னிடம் சொன்னால் கொஞ்சல். அதையே மாமியார் மருமகளிடம் சொன்னால் அன்று அடுப்பு எரியாது. என் அட்டையில் ‘மூதி’க்கு மட்டும் ஐந்து வாக்கியம் இருப்பது அதனால்தான், எல்லாமே வேறு வேறு ஆளிடம் சொன்னது. கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும், கொங்குக்குப் பெருமாள்முருகனும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தனி அகராதியே போட்டுவிட்டார்கள். கரிசல் எங்களுக்குப் பக்கத்துக் காடுதான், ஆனாலும் ஆற்றங்கரைப் பேச்சுக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. தொட்டுக்கொள்வதை அங்கே வெஞ்சனம் என்பார்கள். எங்கள் ஆச்சி வாயில் நான் கேட்டது தொடுகறி.

இப்போது சிக்காத கதை. ‘அந்தாக்குல’. அந்தாக்ல, அந்தாக்கில என்றும் காதில் விழுகிறது. எதைத் தலைப்புச் சொல்லாக வைப்பது என்பதே முடிவாகவில்லை. பெரியம்மை பதிவில் வேகமாக வரும்போது கு காணாமல் போகிறது, கோபமாக நிறுத்திச் சொல்லும்போது திரும்பி வருகிறது. இப்போதைக்குக் கோபத்தின் பக்கம் நிற்கிறேன்.

பொருள் அதைவிட மோசம். ‘உடனே’ என்று எழுதினேன், ஒட்டவில்லை. “சாப்புட்டுக்கிட்டே இருந்தான், ஒரு போன் வந்துச்சு, அந்தாக்குல எழும்பிப் போயிட்டான்” என்கிறார் பெரியம்மை. இதில் ‘உடனே’ இருக்கிறது, போட்டது போட்டபடி இருக்கிறது, திரும்பிப் பார்க்காமல் என்பதும் இருக்கிறது, போதாததற்குச் சொல்பவருக்கு ஒரு மனக்குறையும் இருக்கிறது. “டாக்டர அந்தாக்குல வரச்சொல்லு” என்று நான் ஒரு வாக்கியம் செய்து காட்டினேன். “அப்படிச் சொல்லமாட்டோம்” என்று தள்ளிவிட்டார். ஏன் சொல்லமாட்டோம் என்று கேட்டால், “சொல்லமாட்டோம்னா சொல்லமாட்டோம்.” முடிந்தது. நடந்து முடிந்ததற்கு மட்டும் வருமா, ஏவலுக்கு வராதா என்று பார்க்க வேறு வீட்டுப் பேச்சும் வேண்டும். அட்டையில் வாக்கியம் நிறைய இருக்கிறது, பொருள் கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது.

அட்டை விஷயம் கேட்பவர்களுக்கு: கோடு போட்ட சின்ன அட்டை டவுனில் ரதவீதிப் பக்கம் முன்பு கிடைத்தது, இப்போது வரவழைப்பதே இல்லையாம். நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெட்டுத்துண்டுகளை எடைக்கு வாங்கிக்கொள்கிறேன். கனம் நன்றாக இருக்கிறது, மை ஊறுவதில்லை. சில அட்டையின் ஓரத்தில் தங்க நிறப் பட்டை ஓடும். ‘பேதியில போவான்’ அந்த மாதிரி ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறது.

காலர் மைக் வாங்காதீர்கள். பருத்திச் சேலையில் உரசி உரசி ஆச்சி பேச்சு முழுவதும் காய்ந்த ஓலைச் சத்தமாக வருகிறது. திறந்த நார்ப்பெட்டியில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் போனை வைத்தால் போதும். பாத்திரம் தரையில் வைக்கும் அதிர்வு வராது, முக்கியமாக யார் கண்ணிலும் போன் படாது. குக்கர் விசிலுக்கு மட்டும் மருந்து இல்லை.

என் மனைவிக்கு ஈரோடு. நான் செய்வதைப் பார்த்து அவளும் போட்டிக்குச் சீமாறு, போசி, பொடக்காளி, ஒறம்பரை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறாள். அட்டை வேண்டுமா என்று கேட்டேன், “நோட்டே போதும், உங்கள மாதிரி பெட்டி பெட்டியா அடுக்க இங்க எடமில்லீங்க” என்றாள். என்னை மிஞ்சிவிடுவாளோ என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அவள் அம்மா வாயைத் திறந்தாலே வாக்கியம்தான்.

அடுத்து நாகர்கோவில் பக்கம் இருக்கும் சின்னம்மை வீட்டுக்குப் போக வேண்டும். முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்ப்பக்கம் அது. அங்கே வலிக்கு நொம்பலம், நினைவுக்கு ஓர்மை, காசுக்கு இன்னும் சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் என்பது நாணயக் கணக்கு. நாணயம் போய் இத்தனை காலம் ஆகியும் “கையில சக்கரம் இல்ல மக்களே” என்று சின்னம்மை சொல்கிறார். அதை அங்கேயே, அவர் யாரிடமாவது கடன் இல்லை என்று சொல்லும்போதே பிடிக்க ஆசை. ‘அந்தாக்குல’வை அங்கே சொல்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் சுளவு அட்டைகளைத் திருத்தி முடிக்க வேண்டும் என்று திட்டம், ஆனால் சின்னம்மை வீட்டில் பலாப்பழம் பழுத்துவிட்டதாம், வரச்சொல்லிப் போன் வந்தாயிற்று.