கிர்ஷ்பெர்க் குளிர்காலப் பள்ளிக்குப் போஸ்டருடன் போகிறவர்களுக்கு

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் கிட்ஸ்பூயலை ஒட்டிய மலையூர் கிர்ஷ்பெர்க். புதுவகைப் பொருட்களின் மின்னணுப் பண்புகளுக்கான குளிர்காலப் பள்ளி அங்கேதான் நடக்கிறது. வியன்னா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹான்ஸ் குஸ்மானி முதலானோர் 1985இல் இதைத் தொடங்கியபோது பேசுபொருள் மின்கடத்தும் பாலிமர்கள். பிறகு ஃபுல்லரீன் (கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறு), கார்பன் நானோகுழாய், கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாள்) என்று துறை போன வழியில் பள்ளியும் போனது. எல்லோரும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்குவதால், உரையாற்றியவரைச் சாப்பாட்டு மேசையிலேயே பிடித்துக் கேள்வி கேட்கலாம். காலையிலும் மாலையிலும் உரைகள், நடுவே நீண்ட இடைவெளி, சாப்பாட்டுக்குப் பின் போஸ்டர், அதாவது ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் நேரம். ஆராய்ச்சி மாணவருக்கு அதிகம் கிடைப்பது அந்தப் போஸ்டர் நேரத்தில்தான்.

முதலில் விசா. மியூனிக்கில் இறங்கினாலும், வாரம் முழுக்கத் தங்குவது ஆஸ்திரியாவில் என்பதால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் இறங்கும் நாட்டைப் பார்த்து ஜெர்மனியிடம் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். முடிவு வர 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் தங்குமிடச் செலவு யாருடையது என்ற வரி இல்லையென்றால் கேட்டு வாங்கிவிடுங்கள்; ஆவணங்களில் பெரும்பாலும் இடறுவது அங்கேதான்.

மியூனிக்கிலிருந்து ரயிலில் வோர்கிள் போய், அங்கே கிட்ஸ்பூயல் பக்கம் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். போஸ்டரைத் துணியில் அச்சிட்டால் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கலாம். ஏ0 அளவு 84.1 × 118.9 செ.மீ. பலகை நெட்டுவாக்கா, கிடைவாக்கா என்று தெரிந்துகொண்ட பிறகே வடிவமைக்கத் தொடங்குங்கள்.

உள்ளடக்கத்தில் கவனம் வைக்க வேண்டியது அளவீட்டு நிலைமைகளில்தான். அங்கே வருகிறவர்களில் பலர் ராமன் நிறமாலையில் (பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் ஆற்றல் மாற்றத்தை அளப்பதில்) ஊறியவர்கள். முடிவுரைக்கு முன் படத்தின் அச்சைப் பார்ப்பார்கள். லேசர் அலைநீளம் ஒவ்வொரு படத்திலும் இருக்கட்டும். கிராஃபீனின் 2டி பட்டை (நிறமாலையில் தெரியும் முகடுகளில் ஒன்று) லேசர் ஆற்றலோடு, எலெக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுமார் 100 செ.மீ⁻¹ வீதம் நகரும். 532 நானோமீட்டரில் எடுத்ததையும் 633இல் எடுத்ததையும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 37 செ.மீ⁻¹ வேறுபாடு லேசரால் மட்டுமே வரும். அதைப் பொருளின் பண்பாகக் காட்டினால் விவாதம் அங்கேயே நின்றுவிடும்.

1580 செ.மீ⁻¹ அருகிலுள்ள ஜி பட்டை சற்று நகர்ந்திருந்தால் உடனே வரும் கேள்வி: இழுவிசையா, மின்னூட்ட மாசா (வெளியிலிருந்து கூடுதலாகச் சேர்ந்த மின்னூட்டமா)? ஜி பட்டையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜி இடத்தைக் கிடையச்சிலும் 2டி இடத்தைச் செங்குத்தச்சிலும் வைத்து, பல புள்ளிகளில் எடுத்த அளவீடுகளைக் குறியுங்கள். இழுவிசை காரணமென்றால் சாய்வு 2.2 அளவில் இருக்கும். துளை வகை (எலெக்ட்ரான் குறைந்த) மாசென்றால் 0.7 அளவில். இந்த ஒரு படம் போஸ்டரில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில்.

மூன்றாவது காரணம் லேசர் சூடு. 100 மடங்கு லென்ஸில் ஒளிப்புள்ளி ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு; சில மில்லிவாட் போனாலே மெல்லிய மாதிரி சூடாகிப் பட்டை குறைந்த செ.மீ⁻¹ பக்கம் நகரும். திறனைப் பாதியாக்கி மறுபடி எடுங்கள். பட்டை நகர்ந்தால் முதல் அளவீடு சூட்டில் எடுத்தது. அதைப் படத்தில் போடாதீர்கள்.

நானோகுழாய்க்காரர்களுக்கு ஒன்று. சிலிக்கான் தளத்தின் 520 செ.மீ⁻¹ கோடு அளவுத்திருத்தத்துக்கு உதவும். ஆனால் அதே சிலிக்கானுக்கு 303 அருகே இன்னொரு வலுக்குறைந்த பட்டை உண்டு. (6,5) என்று குறிக்கப்படும் குழாய்வகையின் ஆர அதிர்வுப் பட்டையும் (குழாயின் ஆரம் விரிந்து சுருங்குவதால் வருவது) 310 அருகேதான் வரும். குழாய் இல்லாத வெறும் தளத்தில் எடுத்த நிறமாலையைப் பக்கத்திலேயே போடாவிட்டால், அது குழாய்தானா என்பதையே நம்ப மாட்டார்கள். அப்படிச் சந்தேகிப்பது சரியும்கூட.

மாலிப்டினம் டைசல்ஃபைடு என்றால் இரண்டு முக்கியப் பட்டைகளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதுங்கள்: ஓரடுக்குக்குச் சுமார் 19, கனப்பொருளுக்கு 25 செ.மீ⁻¹. அடுக்கெண்ணிக்கை பற்றித் தனி விளக்கம் தேவைப்படாது.

பொருத்து வளைவு போடாத மூல நிறமாலைகளை மடிக்கணினியில் இடவாரியாகப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவுடன் திறந்து காட்ட முடிந்தால், நின்று பேசுகிறவர் தம் மாதிரியையும் அளந்து பார்க்கத் தர முன்வருவார்.